சாயமும் காற்றும் பிரித்துக் காட்டிய நுண்ணுயிர்கள்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளில் நடந்து செல்வோர் காதில் ஓயாமல் விழுவது விசைத்தறிகளின் ஓசை. அங்கே நெய்யப்படுவது சேலையும் அன்று, வேட்டியும் அன்று. புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. நாட்டின் பல மருத்துவமனைகளில் காயத்தின்மேல் சுற்றப்படும் மெல்லிய துணி இந்தச் சிற்றூர்களின் பாவிலும் ஊடையிலும் பிறந்ததாக இருக்கக்கூடும். இத்துணிக்குச் சாயம் ஏற்றுவதில்லை, வெளுப்பதோடு சரி. குருதியும் சீழும் கசிந்தால் உடனே கண்ணுக்குப் புலப்பட வேண்டும் அல்லவா?

துணிக்கு ஏற்றும் சாயத்துக்கும் நோய்க்கும் வேறொரு உறவு உண்டு. அதைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். நான் மருத்துவம் கற்றவன் அல்லன். குருமடத்தில் இறையியலும் மெய்யியலும் படித்தவன். ஆயினும் பங்குப் பணியில் நோயுற்றோர் வீடுகளுக்குச் செல்லாத வாரம் இல்லை. அப்படிச் சென்ற ஒரு வீட்டில் நான் கண்ட ஒரு தட்டு என்னை இந்த வரலாற்றின் பக்கம் திருப்பியது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

1856-ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர், மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். மருந்து கிட்டவில்லை. நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளில் ஓர் ஊதாச் சாயம் கிட்டியது. பட்டு வணிகர்கள் அதைக் கொண்டாடினர். அடுத்த இருபது ஆண்டுகளில் ஃபுக்சின் என்ற செஞ்சாயம், மெத்தில் வயலெட் என்ற ஊதா, மெத்திலின் நீலம் எனச் சாயங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் துணிக்காகவே செய்யப்பட்டவை. உடுத்துவோரின் கண்ணைக் கவர்வதைத் தவிர அவற்றுக்கு வேறு நோக்கம் இருந்ததில்லை.

அதே காலத்தில் மருத்துவர்கள் வேறொரு தொல்லையில் இருந்தனர். நுண்ணோக்கி இருந்தது, ஆனால் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ நிறமற்றவை. தண்ணீருக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டைத் தேடுவது போன்ற வேலை அது. சாயப்பட்டறையின் பொருளை ஒரு துளி விட்டுப் பார்க்கலாம் என்று சிலருக்குத் தோன்றியது. துணியின் இழை சாயத்தைப் பற்றுவதுபோல நுண்ணுயிரும் பற்றியது. அதைவிட வியப்பு, எல்லா நுண்ணுயிரும் ஒன்றுபோல் பற்றவில்லை என்பதே. சாயக்காரர் அறிந்த செய்திதான் இது. பட்டில் ஏறும் சாயம் பருத்தியில் ஏறாது. ஏறினாலும் ஒரே வெளுப்பில் போய்விடும்.

1884-இல் பெர்லின் நகர மருத்துவமனை ஒன்றில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டேனிஷ் மருத்துவர், நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். முதலில் ஊதாச் சாயம், பின்னர் அயோடின் கரைசல், அதன்பின் ஆல்கஹால் என்ற வரிசையில் கழுவிப் பார்த்தார். சில பாக்டீரியாக்கள் ஊதாவை விடாமல் பிடித்துக்கொண்டன. சிலவோ ஆல்கஹால் பட்டதும் வெளுத்துப்போயின. வெளுத்தவற்றை மற்றொரு சாயத்தால் சிவப்பாக்கிக் காட்டும் வழக்கம் பிற்பாடு சேர்ந்தது. இன்றளவும் எந்த ஊர் மருத்துவ ஆய்வுக்கூடத்திலும் ‘கிராம் பாசிடிவ்’, ‘கிராம் நெகடிவ்’ என்று எழுதுகிறார்கள். தடித்த சுவர் உடையது ஊதாவைக் காத்துக்கொள்கிறது; மெல்லிய சுவரும் அதன்மேல் கொழுப்புப் படலமும் உடையது இழந்துவிடுகிறது. காரணம் இவ்வளவே, ஆனால் அந்தச் சுவரின் அமைப்பைக் கண்டறிய மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. காரணம் தெரியாமலே பயன் தந்த முறை இது. சீழ் உண்டாக்கும் கொத்துக் கோளங்கள் ஊதா. டைபாய்டையும் காலராவையும் உண்டாக்குபவை சிவப்பு.

காசநோயின் கிருமியோ இந்த இரு கூட்டத்திலும் ஒழுங்காக அடங்கவில்லை. அதன் உடல் மெழுகு போன்ற கொழுப்பால் மூடப்பட்டது. சாயமே எளிதில் உள்ளே புகாது. 1882 மார்ச் 24-ஆம் நாள் ராபர்ட் கோக் பெர்லினில் இக்கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அவையில் இருந்த பால் எர்லிக் என்ற இளம் மருத்துவர் அதே ஆண்டில் எளிய வழி ஒன்றைக் கண்டார். செஞ்சாயத்தைச் சூட்டோடு ஏற்றிவிட்டால் அமிலம் ஊற்றிக் கழுவினாலும் இக்கிருமி நிறத்தை விடுவதில்லை. சுற்றியுள்ள மற்ற யாவும் வெளுத்துவிடும். சீல், நீல்சன் என்ற இருவர் கார்பாலிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் இம்முறையில் சேர்த்துத் திருத்தினர். நீலப் பின்னணியில் சிவந்த சிறு குச்சிகள், அவ்வளவுதான் காட்சி. எர்லிக் சில ஆண்டுகளுக்குப்பின் தமது சளியையே இப்படிச் சோதித்தார். சிவப்புக் குச்சிகள் தெரிந்தன. உடல் தேற எகிப்துக்குச் சென்று திரும்பினார். நார்வே நாட்டு ஹான்சன் 1873-இல் கண்ட தொழுநோய்க் கிருமியும் இதே மெழுகு உடல் கொண்ட உறவினமே. அதுவும் அமிலத்துக்கு அஞ்சாது.

சாயம் ஒரு பிரிவைத் தந்ததென்றால் காற்று மற்றொரு பிரிவைத் தந்தது. அது காலத்தால் முந்தியது. 1861-இல் பிரான்சில் லூயி பாஸ்டர் புளிப்பேறிய நீர்மம் ஒன்றின் துளியை இரு கண்ணாடிகளுக்கு இடையே வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். துளியின் நடுவில் உயிரிகள் துடிப்போடு நீந்தின. காற்றுப் படும் ஓரத்துக்கு வந்தவை அசைவற்று நின்றன. காற்றில்லாமல் உயிர் இல்லை என்று நம்பியிருந்த உலகுக்கு, காற்றே நஞ்சாகும் உயிரும் உண்டென்று அத்துளி காட்டியது. உயிர்வளி இன்றி வாழாதவை, உயிர்வளி பட்டால் வாழாதவை, இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்பவை எனப் பாக்டீரியாக்களை அறிஞர் வகுத்தனர். நம் வீட்டுத் தயிரை உறையச் செய்பவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. கிராம் சாயத்தில் ஊதா நிறம் காட்டுபவை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் அவற்றுக்கு வேலை இல்லை. பாலைக் காய்ச்சிக் கிண்டிக் கிண்டி நீரை விரட்டிச் சர்க்கரையையும் சேர்த்துவிட்டால், உயிர்வளி எவ்வளவு இருந்தாலும் அவை பிழைக்க ஈரம் இருக்காது.

காற்றை அஞ்சும் கூட்டத்தில் கொடியது தசைவிறைப்பு நோயின், அதாவது டெட்டனஸின் கிருமி. ஜப்பானியரான கிட்டசாட்டோ 1889-இல் பெர்லினில் உயிர்வளியை விலக்கிவிட்டு அதைத் தனியே வளர்த்துக் காட்டினார். மண்ணிலும் சாணத்திலும் வித்தாக உறங்கும் அது, ஆழமான குத்துக் காயத்தில் காற்றுப் புகாத இடம் பார்த்து முளைக்கிறது. தொப்புள்கொடியைக் கண்ட கத்தியால் அறுத்துச் சாம்பலோ சாணமோ வைத்த வீடுகளில் பச்சிளங் குழந்தைகள் ஒரு வாரத்துக்குள் விறைத்து இறந்த கதைகளை நம் ஊர் முதியோர் அறிவர். தாய்மாருக்கு ஊசியும், பிரசவத்துக்குத் தூய கருவியும் வந்தபின் அந்த மரணம் அருகிற்று. தாய்க்கும் சேய்க்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்த நிலையை எட்டியதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது.

காசக் கிருமி இதற்கு நேர் எதிர். அதற்கு உயிர்வளி வேண்டும். ஆகவேதான் உயிர்வளி மிகுந்த நுரையீரலின் மேற்பகுதியை அது விரும்பிக் குடியேறுகிறது. உயிர்வளி குறைந்தால் இறந்துவிடுவதுமில்லை. உடல் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்தால் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, உடல் தளரும்போது விழிக்கிறது.

இந்தப் பின்னணியில் சானடோரிய வரலாற்றை நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். மருந்து இல்லாத காலத்தில் காசநோய்க்கு மலைக்காற்றும் ஓய்வும் நல்லுணவும்தான் மருத்துவம். காற்றை நாடும் கிருமியை நல்ல காற்றால் வெல்லப் பார்த்தார்கள்! பிற்பாடு அறுவை மருத்துவர்கள் நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டி அதைச் சுருங்கச் செய்யும் முறையையும் கையாண்டனர். மதனப்பள்ளியில் 1915-இல் கிறிஸ்தவ மறைப்பணி அமைப்புகள் ஒரு சானடோரியத்தைத் திறந்தன. தாம்பரத்தில் 1928-இல் சானடோரியம் கண்டவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. அவர் அதற்குமுன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் ஒன்றை நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் 1917-இல் சில காலம் அங்கே நோயாளியாகத் தங்கியிருந்தார். இராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா என்ற ஐயத்தைப் பிற்கால மருத்துவர் சிலர் எழுப்பியுள்ளனர். தாம்பரம் சானடோரியம் 1937-இல் அரசின் கைக்கு வந்தது. இன்றும் மின்சார ரயிலில் செல்வோர் ‘சானடோரியம்’ என்ற நிலையத்தில் இறங்குகிறார்கள். அப்பெயரின் பொருளை எத்தனை பேர் நினைப்பார்களோ!

படுக்கைகளோ ஆயிரங்களில் எண்ணத்தக்கவை; நோயாளிகளோ இலட்சங்களில். 1955 முதல் 1958 வரை நாடு தழுவி நடந்த கணக்கெடுப்பு, காசநோய் நகரத்து நோய் என்ற நம்பிக்கையையும் உடைத்தது. சிற்றூரிலும் அது நகரத்துக்குக் குறையாமல் இருந்தது. ஸ்டிரெப்டோமைசின், பாஸ், ஐசோநியசிட் என்று மருந்துகள் 1940-களிலும் 1952-இலும் வந்துவிட்டன. கேள்வி வேறு: ஓலைக் குடிசையில், அரைவயிற்றுக் கஞ்சியோடு, ஒரே அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் இம்மருந்தை விழுங்கினால் குணமாகுமா? ஐரோப்பிய மருத்துவர் பலர் ஆகாது என்றே எண்ணினர்.

விடை சென்னையில் கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை முதலில் வழிநடத்தினார். சளியில் கிருமி கண்ட 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு சாரார் சானடோரியத்தில் ஓராண்டு. மறு சாரார் தம் வீட்டிலேயே ஓராண்டு. மருந்து இருவருக்கும் ஒன்றே. குலுக்கல் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மருத்துவருக்கு இரக்கம் தோன்றியவரைப் படுக்கைக்கும் மற்றவரை வீட்டுக்கும் அனுப்பியிருந்தால் ஒப்பீட்டுக்கு மதிப்பிருக்காது. வீட்டில் இருப்பவர் மருந்தை உண்மையாக விழுங்குகிறாரா என்றறிய, சொல்லாமல் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மாதந்தோறும் சளி வந்து நுண்ணோக்கியின் கீழ் அமர்ந்தது.

சானடோரியத்தில் இருந்தோர் நன்றாக உண்டனர், எடை கூடினர், ஓய்ந்து படுத்தனர். வீட்டில் இருந்தோர் பழைய உணவையே உண்டனர். பலர் வேலைக்கும் போயினர். 1959-இல் முடிவு வெளியானபோது, மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி உடையவர்களில் இரு சாராரிலும் நூற்றுக்கு 85-க்கு மேற்பட்டோர் குணமாகியிருந்தனர். சானடோரியத்தார் சற்றே முன்னே நின்றாலும் அது பெரிய வேறுபாடு அன்று. அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது அடுத்த ஆய்வு. வீட்டில் நோயாளியோடு ஒன்றாக வாழ்ந்த குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிட்ட குடும்பங்களைவிட இவர்களிடம் நோய் மிகுதியாகத் தோன்றவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கிய சில வாரங்களில் நோயாளி பரப்பும் ஆற்றலை இழக்கிறார். விலக்கி வைப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு மிகச் சிறிது.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சேத்துப்பட்டின் இந்த முடிவு ஒரு முதன்மைக் காரணம். அம்மையம் 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

சளிச் சோதனை மலிவானது. ஒரு கண்ணாடித் தகடு, மூன்று குப்பிகள், ஒரு சாராய விளக்கு, ஒரு நுண்ணோக்கி. ஆகவே 1962-இல் தேசிய காசநோய்த் திட்டம் தொடங்கியபோது மாவட்டந்தோறும் அதைக் கொண்டுசெல்ல முடிந்தது. பெங்களூர்த் தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963-இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டிற்று. சிற்றூர்களில் சளியில் கிருமி இருந்தோருள் பெரும்பாலோர் தம் நோயை உணர்ந்தே இருந்தனர். பாதிப்பேர் மருத்துவ உதவியை நாடியும் இருந்தனர். அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு குப்பி இருமல் மருந்து. ஏழைகள் அறியாமையால் வருவதில்லை என்று நாமும் பிரசங்கத்தில் சொல்லிவிடுகிறோம். அவர்கள் வந்தார்கள், சளியைத்தான் யாரும் கேட்கவில்லை.

இச்சோதனைக்குக் குறைகளும் உண்டு. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழப் பத்தாயிரம் கிருமிகள் இருந்தால்தான் கண்ணுக்கு அகப்படும். குழந்தைகளால் சளி எடுத்துத் தர இயலாது. மருந்துக்கு அடங்காத கிருமியும் அடங்கும் கிருமியும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும். இக்காரணங்களால் கிருமியின் மரபுப்பொருளையே கண்டறியும் கருவிகள் இப்போது முதற் சோதனைக்கு வந்துள்ளன. எனினும் மருந்து உண்பவரின் சளி தூய்மையாகிறதா என்று பார்க்கச் சாயமிட்ட தகடு இன்னும் பயன்படுகிறது.

இராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் நூற்பாலையை நிறுவிய நாள்தொட்டு இது பஞ்சின் ஊர். பஞ்சு பிரிக்கும் பகுதியில் ஆண்டுக்கணக்கில் நிற்போருக்கு இருமலும் நெஞ்சு இறுக்கமும் வருவதுண்டு. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் திங்கட்கிழமையில் அது மிகும். அது பஞ்சுத் தூசியால் வருவது, கிருமியால் அன்று, தொற்றாது. வெளியே பார்த்தால் இரண்டும் இருமல்தான். சளியைச் சோதிக்காமலே ‘டி.பி.’ என்று பெயர் சூட்டப்பட்டவர்களும், டி.பி. இருந்தும் ‘மில் இருமல்’ என்று விடப்பட்டவர்களும் இப்பகுதியில் உண்டு.

என் பங்கைச் சேர்ந்த ஒருவரும் நூற்பாலைத் தொழிலாளிதான். அவருடைய சளியில் கிருமி இருந்தது. ஆறு மாதம் தவறாமல் மருந்து உண்டார். செய்தி அறிந்தும் நான் அவர் வீட்டுக்குப் போகத் தாமதித்தேன். வேலை மிகுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் சென்றபோதும் வாசற்படி அருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்துவிட்டேன். அவர் கவனித்திருப்பார்; ஒன்றும் சொல்லவில்லை. மருந்து முடிந்து சில மாதங்கள் கழித்துத் திருப்பலிக்குப்பின் என்னிடம் வந்தார். “சாமி, ஆஸ்பத்திரியில கிருமி இல்லைனு எழுதிக் குடுத்துட்டாங்க. வீட்டுல தட்டு மட்டும் இன்னும் தனியாத்தான் இருக்கு” என்றார்.

அன்று மாலை லேவியர் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தேன். குருமடத்தில் தேர்வுக்காகப் படித்து மறந்த பகுதி. குரு மனிதனின் தோலில் உள்ள நிறத்தைப் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் ஏழு நாள் தனித்து வைத்து மீண்டும் பார்க்க வேண்டும். துணியில் பச்சையாகவோ சிவப்பாகவோ படரும் கறையையும், அது பாவில் உள்ளதா ஊடையில் உள்ளதா என்றும் அவரே பார்க்க வேண்டும். அங்கே சொல்லப்படுவது இன்று நாம் தொழுநோய் என்றழைக்கும் ஒரே நோய் அன்று, பலவகைத் தோல் நோய்கள் என்பது விவிலிய அறிஞர் கருத்து. விலக்கி வைக்கும் அந்த அதிகாரத்தை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தை நான் அதுவரை ஊன்றிப் படித்ததில்லை. குணமானவனைப் பார்க்கக் குருவே பாளையத்துக்கு வெளியே புறப்பட்டுப் போக வேண்டும். தூய்மையானவன் என்று அறிவிப்பதும், உள்ளே அழைத்து வருவதும் அவர் கடமை.

மறுநாள் சென்றேன். இம்முறை உள்ளே பாயில் அமர்ந்தேன். அவருடைய மனைவி ஒரு பழைய பையிலிருந்து ஆய்வுக்கூடத் தாளை எடுத்து வந்தார். ‘நெகடிவ்’ என்றிருந்தது. அவர் அச்சொல்லை ஏதோ கெட்ட செய்தி என்றே அதுவரை எண்ணியிருந்தாராம். நான் விளக்கினேன்: நூறு இடங்களில் உற்றுப் பார்த்தும் சிவப்பாக ஒரு குச்சியும் தென்படவில்லை என்பது அதன் பொருள், இந்நோய் காற்றில் பரவுவதேயன்றித் தட்டில் ஒட்டுவதன்று, மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குப்பின் அந்தத் தட்டுக்கு வேலையே இருந்திருக்கவில்லை. “அப்ப இத்தனை நாளா நாங்க அவருக்குச் செஞ்சது?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என் நாற்காலி கிடந்த வாசற்படி அங்கிருந்து தெரிந்தது.

நீலக் கறை படிந்த அந்த எனாமல் தட்டு சுவரில் ஆணியில் தனியே தொங்கியது. பல வாரங்கள் கழித்து மீண்டும் அந்தப் பக்கம் போனேன். முற்றத்தில் அதே தட்டில் கோழிகளுக்குத் தவிடு குழைத்து வைத்திருந்தார்கள்.